மஞ்சள் விளக்கு அணையும்வரை

ஆனி முடியச் சில நாட்களே இருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று, காங்கேயத்துக் கொப்பரைக் களங்களின்மேல் இரவு பகல் பாராமல் வீசுகிற பருவம். நேரம் பிற்பகல் மூன்று மணி. கோகிலவாணி சேலைக்குமேல் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டாள். பிக்கப் வண்டியின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். இரண்டு கோணிச்சாக்குகளை விரித்து மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து வண்டிக்கு அடியில் போனாள். வானம் மறைந்தது. முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் இரும்பு. இரும்பின்மேல் காய்ந்த சேறு. சேற்றில் ஒட்டிய தேங்காய் நார். வண்டி இப்போது கல்லை மீறி நகர்ந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. நகராது என்று தெரியும். தெரிந்தாலும் எண்ணம் போகவில்லை. அதைச் சமாளிக்க அவளிடம் கைவசம் இருந்தது கோபம் ஒன்றுதான். அதுவும் இன்று நேற்றையதன்று. பத்து நாட்களாக ஊறியது. 'வண்டி ஓட்டறது பெருசில்லீங்க அண்ணி, ஒரு ஆயில் மாத்தத் தெரியுமா உங்களுக்கு?' என்று கொழுந்தன் சிவமலை கேட்டிருந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததை மன்னித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன்காரர், அவளை மணந்து முப்பது வருடம் ஆன அர்த்தநாரி, அவரும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் லோடு இறக்கிவிட்டு வந்து நின்றபோது காபித் தம்ளர்கள் காலியாக இருந்தன. பேச்சு முடிந்து, முன்பணமும் கைமாறியிருந்தது. ஆடி பிறந்ததும் வண்டி சிவமலைக்கு. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியில் இருக்கிற ஸ்டெப்னி டயரைக் கேட்பார்களா என்ன, அதுபோல.

அன்றிலிருந்து அவள் அவருடன் பேசுவதில்லை. அவரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போது பேசாமல் இருப்பது நடக்கிற காரியமில்லை. ஆகையால் வேம்பில் கட்டியிருந்த கிடாரிக்கன்றின் தலையில் அந்த வேலை விழுந்திருந்தது. "ஏங் கிடாரி," என்று இப்போதும் வேம்படியிலிருந்து, கயிற்றுக் கட்டிலிலிருந்து, குரல் வந்தது, "வண்டிய கொஞ்ச நேரம் ஓட விட்டாங்களான்னு கேளு. சூடில்லாத ஆயிலு எறங்காது." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஓட விட்டதெல்லாம் ஓட விட்டாச்சு. கேக்கறவங்களுக்குக் காதும் போச்சான்னு கேளு." காதும் என்ற அந்த 'உம்' வாயைவிட்டு வெளியே போனபிறகுதான் அவளுக்கே உறைத்தது. கன்று மூத்திரம் பெய்கிற சத்தம். அந்த 'உம்'மைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் கூடாது? ஊருக்குச் சொல்லாததைச் சக்கரத்துக்குச் சொன்னால் என்ன குடி முழுகிப்போகிறது? ஒன்றரை வருடமாக அவள் சுமக்கிற மூட்டை அது. அர்த்தநாரிக்குக் கண் தெரியாது. முழுக்கத் தெரியாமலில்லை. சர்க்கரை நோய் விழியின் பின்பக்கத்தைத் தின்று, நேரே பார்க்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். ஓரத்தில் மட்டும் உலகம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இதை அறிந்தவர்கள் அந்த டாக்டரும் இவர்கள் இருவரும்தான். தம்பிக்குத் தெரியாது, கல்யாணமாகிப் போன மகளுக்குத் தெரியாது. காலில் மதமதப்பு, அதனால் வண்டி ஓட்டுவதில்லை என்று அவர் சொல்லி வைத்திருந்தார். ஊர் வேறு விதமாகச் சொன்னது. புருஷனைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் என்றது. அந்தப் பேச்சு தன் காதுக்கு வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த தலையைப் பார்த்தவர்கள், பாவம் மனுஷன், என்று முடித்துக்கொண்டார்கள்.

ஸ்பானரைத் தேடித் தலைக்குப் பின்னால் கையை நீட்டினாள். காற்று வண்டிக்கடியில் புகுந்து கண்ணில் மண்ணைப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் சாலை ஓடியது. சாவி அவள் கைக்கு வருமுன் ஒரு வருடம் முழுக்க அந்தச் சாலையை அவள் வாயால் ஓட்டியிருக்கிறாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மேடு, பள்ளம், எதுக்க லாரி, எடப்பக்கம் ஆடு, ஒடிங்க, ஒடிங்க, போதும், என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். வெள்ளகோவிலிலிருந்து முத்தூர்வரை ஒரு நாளும் தொண்டை காயாமல் வந்து சேர்ந்ததில்லை. சுமை தூக்குகிற மாரப்பன் கூட வருகிற நாட்களில் வாயைத் திறக்க வழியில்லை. அப்போது அவருடைய தொடையில் கையை வைத்துக்கொள்வாள். அழுத்தினால் பிரேக், இடப்பக்கம் இழுத்தால் இடம், தட்டினால் போகலாம். மாரப்பன் இதைப் பார்த்துவிட்டுக் களத்தில் பெண்கள் நடுவே நின்று, "அண்ணனுக்கும் அக்காளுக்கும் இன்னும் கல்யாணமாயி மூணு மாசங்கூட ஆவலீங்," என்றான். களமே சிரித்தது. நாற்பத்தெட்டு வயதில், வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை அவள் நின்று வாங்கினாள். மறுநாளும் தொடையில் கை வைத்தாள். வைக்காவிட்டால் எவன் சாவது? யாருக்காக வாங்கினாள் அந்தச் சிரிப்பை? வேம்படியில் உட்கார்ந்து கிடாரியோடு குசலம் விசாரிக்கிற இந்த மனிதருக்காக. பிறகு அந்த மாலை வந்தது, இருட்டு இறங்குகிற நேரம், வளைவு, சைக்கிளில் பள்ளிக்கூடத்துப் பெண். கோகிலவாணி சொல்லத் தாமதிக்கவில்லை, சைக்கிள் என்று சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள், அவர் கேட்டது தாமதம். அவள் எட்டி ஸ்டியரிங்கை இழுத்தாள். வண்டி வேலிக்குள் போய் நின்றது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரட்டைச் சடை ஆட, மணியடித்துக்கொண்டு போனாள். தான் எதிலிருந்து தப்பினோம் என்று அவளுக்குத் தெரியாது. வாணிக்கு இன்றும் சில இரவுகளில் அந்த மணி கேட்கும். மறுநாள் காலையில் சாவியை எடுத்துத் தன் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். லைசென்ஸ் வாங்கும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இதுதான் அவள் சாவியைப் பிடுங்கிய கதை.

தொழிலும் அந்தச் சாவியோடுதான் அவள் கைக்கு வந்தது. களத்துக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு சொன்ன நேரத்துக்கு வருகிற வண்டி என்று பேர் வந்தது. இன்று வண்டி போய்விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? இந்த வேம்பு, இந்தக் கட்டில், இந்தக் கிடாரி, சர்க்கரைக்குக் கம்பஞ்சோறு, மணி பார்த்து மாத்திரை. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் இருப்பது. இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். கிடைத்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள். சரியாகப் பொருந்தியது. இழுத்தாள். அசையவில்லை. எவன் இறுக்கினான் இதை? கோபத்தில் இறுக்கியிருக்கிறான். சிரித்துக்கொண்டே இறுக்கியிருக்கிறான். பொம்பளை கையில் கழலக் கூடாது என்றே இறுக்கியிருக்கிறான். காலைத் தூக்கிச் சட்டத்தில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து, சிவமலையின் சிரிப்பு, காபித் தம்ளர், மாரப்பனின் மூணு மாசம், எல்லாவற்றையும் ஸ்பானரின் முனையில் வைத்து இழுத்தாள். கிறீச் என்று ஒரு சத்தம். போல்ட் கழன்றது. எண்ணெய் பிடிக்க வைத்திருந்த பேசினை அவசரமாக அடியில் தள்ளினாள். விரல்மேல் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, எண்ணெய் கொழகொழவென்று பேசினில் விழுந்தது. கந்தக நாற்றம் ஒன்று மூக்கில் ஏறியது. பக்கத்துக் களத்தில் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிறார்கள் போலும் என்று நினைத்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மூக்குக்குக் கந்தகம் ஒரு செய்தியே அல்ல. மழைவாசனையை எப்படிக் கவனிப்பார்களோ, அதைவிடக் குறைவாகத்தான் கந்தகத்தைக் கவனிப்பார்கள்.

அவள் கவனித்தது நிறத்தை. டீசல் வண்டியின் பழைய எண்ணெய் மைபோலக் கறுத்திருக்கும். அவர் மாற்றும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இது தேன் நிறத்தில், ஒளி ஊடுருவ விழுந்துகொண்டிருந்தது. ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. கோபத்தின் வசதி அதுதான். அது எதையும் புரியாமல் விட்டுவைப்பதில்லை. எண்ணெய் புதிது. யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு முன் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் சிவமலை வந்து, தான் வாங்கப்போகிற வண்டி என்று உரிமையோடு, எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியென்றால் அந்த விற்பனை பத்து நாளைக்கு முன் முடிவானதில்லை, அதற்கும் முன்னால். எத்தனை நாளாக? தெரிந்துகொண்டே, 'ஆயில் மாத்தத் தெரியுமா' என்று ஒரு கேள்வி. தெரிந்துகொண்டே, வண்டியை ஓட விட்டாங்களா என்று கிடாரியிடம் ஒரு விசாரணை. மாற்றிய எண்ணெயை இந்தப் பைத்தியக்காரி மறுபடி மாற்றட்டும், வேடிக்கை பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறான். மனத்துக்குள் அவர் அவனாகிவிட்டது அவளுக்குத் தெரிந்தது, திருத்திக்கொள்ளவில்லை. உட்கார்ந்திருக்கிறான், மண்ணில் வலக்காலை ஊன்றிக்கொண்டு. வண்டியின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அந்தக் கால் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. சாலையில் ஏதேனும் லாரி போனால், அந்தப் பாதம் தன்னையறியாமல் மண்ணை அழுத்தும். கண் போனபிறகும் கால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வரும். இன்று அந்தப் பாதத்தின்மேல் ஸ்பானரை எறியலாம்போல இருந்தது.

போல்ட்டைப் பழையபடி மாட்டி, மாட்டியவன் எவனோ அவனுக்குக் குறையாமல் இறுக்கினாள். புது பில்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெயே புதிதென்றால் பில்டரும் புதிதுதானே, இதை வீணாக்குவானேன் என்று திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். வெளியே வந்தாள். முதுகெல்லாம் சாக்கு நார். பானெட்டைத் தூக்கி, காற்றில் மண் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, இஞ்சினின் மூடியைத் திறந்து புனலை வைத்து, வாங்கிவைத்திருந்த எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்தாள். பளபளவென்று இறங்கியது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. வேம்படியில் அவன் கட்டிலைவிட்டு எழுந்து, மறுபடி உட்காருவது கேட்டது. எழுந்தான். உட்கார்ந்தான். கயிறு முனகியது. "ஏங் கிடாரி," என்று தொடங்கினான். தொடங்கியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றுவிட்டான். என்ன கேட்கப்போகிறான், அளவுக்கம்பியைப் பார்த்தாளா என்றா? பார்க்கமாட்டாள். புதிய எண்ணெய்க்குமேல் புதிய எண்ணெய் மாற்றியவளுக்கு அளவு ஒரு கேடா? டப்பாவைக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு மூடியைத் திருகினாள். பானெட்டை அறைந்து சாத்தினாள். கன்று மிரண்டு கயிற்றை இழுத்தது. சிவமலை வீட்டுக்கு வண்டியை ஓட்டிப்போய் அவன் வாசலில் நிறுத்தி, பேசினிலிருக்கிற தேன் நிற எண்ணெயை ஒரு சொம்பில் கொண்டுபோய் அவன் காபித் தம்ளருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். குடிங்க கொழுந்தனாரே. உங்க காசுதானே. வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப வேண்டும். இல்லை, பேச வேண்டும். எல்லாவற்றையும் பேச வேண்டும். உங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியாது, ஒரு வருஷம் நான் தொடையில கை வெச்சு ஓட்டினேன், நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, என்று நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இந்த மனிதன் தெருவில் எப்படி நடப்பான்? நடக்காமல் போகட்டும். கதவைத் திறந்து ஏறினாள். தாலிக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள். முதல் திருப்பு. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை பொறுக்க வேண்டும், அப்புறந்தான் இஞ்சினை எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். பொறுத்தாள்.

"எடுக்காதே புள்ள!"

கிடாரியிடம் சொன்னதல்ல. பத்து நாளைக்குப் பிறகு, கட்டிலிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, நேரே தன்னை நோக்கி வருகிறவரின் குரல். மஞ்சள் விளக்கு அணைந்தது. சாவியில் இருந்த விரல் அப்படியே நின்றது. "எடுக்காதே வாணி. நீ கழட்டுனது இஞ்சின் போல்ட்டு இல்லை. கியர் பாக்ஸு. அதுல இப்ப ஒரு சொட்டு ஆயிலு இல்லை. இஞ்சினுக்குள்ள பழசு அப்படியே இருக்குது, அதும்மேல புதுசையும் ஊத்திப்போட்டே." அவள் இறங்கினாள். பேசினை நோக்கிப் போனாள். குனிந்தாள். பக்கத்துக் களத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே புகையுமில்லை, மூடிய படுதாவுமில்லை, காய்கிற கொப்பரையைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. நாற்றம் இந்தப் பேசினிலிருந்து வந்துகொண்டிருந்தது. பானெட்டைத் தூக்கி அளவுக்கம்பியை உருவினாள். மேல்கோட்டையும் தாண்டி, கம்பியின் கழுத்துவரை கரிய எண்ணெய். ஒருவரும் எதையும் மாற்றவில்லை. சிவமலை வரவில்லை. அந்தக் கதை முழுவதும் அவள் கட்டியது. கியர் பாக்ஸ் வறண்டு அரைபட்டிருந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், சிவமலை சிரித்திருப்பான், அந்தச் சிரிப்புக்கு இம்முறை நியாயம் இருந்திருக்கும். அந்த நினைப்பிலேயே இன்னொன்று மெல்லத் தலையைத் தூக்கியது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. வண்டிக்குக் கிழக்கே வேம்பு. மூன்று மணியிலிருந்து இந்த நாற்றம் நேராக அவர் முகத்தில் போய் அடித்திருக்கிறது. கண் போனபிறகு, ரசத்தில் பெருங்காயம் இல்லை என்பதை வாசலிலிருந்தே சொல்கிற மூக்கு அது.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டாள். பத்து நாளைக்குப் பிறகு அவளும் நேராக.

அவர் பொய் சொல்லவில்லை; அதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கலாம். "போல்ட்டு கழண்டப்பவே. இஞ்சின் ஆயிலு சலசலன்னு எறங்கும். இது கொழகொழன்னு விழுந்துது. அப்புறம் நாத்தம். கியர் ஆயிலுதான் இப்படிக் கந்தகமா நாறும்."

"அப்பவே சொல்லறதுக்கு என்னங்க?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"ஒரு வருஷம் நான் சொன்னதை நீங்க கேட்டீங்களே."

அவர் வண்டியின் பக்கவாட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று வேட்டியைப் படபடவென்று அடித்தது. "வண்டி கெட்டுப் போவட்டும்னுதான் உக்காந்திருந்தேன்," என்றார். "கெட்ட வண்டிய யாரும் வாங்கவும் வேண்டாம், நீ ஓட்டவும் வேண்டாம். நீ காலைல போனா ராத்திரிதான் வாரே. பகலெல்லாம் நான் இந்தக் கிடாரியோட பேசிட்டிருக்கேன். நீ பேசாம இருக்கறதுக்கு முன்னாலயும் அப்படித்தான்." பிறகு, வெட்கப்பட்டவர்போல, "சாவி போடற சத்தம் கேட்டுது. காலு தானா பிரேக்கை அமுக்கிருச்சு. அதுக்கு மேல முடியல," என்றார்.

கட்டிலின் முன்னே மண்ணில் அவருடைய வலப்பாதத்தின் முன்பகுதி ஆழமாகப் பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள்போலும், சற்று நின்றாள். வரவில்லை. வந்தது முன்னைவிடத் தெளிவான கோபம். இட்டுக்கட்டிய கதைகளெல்லாம் கழன்று விழுந்தபின் எஞ்சியது. பள்ளம் என்று ஒரு சொல், மேடு என்று ஒரு சொல், இப்படி ஒரு வருடம் அவள் சொன்ன சொற்களுக்குக் கணக்கே கிடையாது. அவர் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எழுவதும் உட்காருவதுமாக, மஞ்சள் விளக்கு அணைகிற நேரம்வரை கொண்டுவந்தாரே. தனிமை கொடியதுதான். அவளுக்குத் தெரியாததா? வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கையில் தன்னந்தனியாக, வாய் தன் பழக்கத்தில் பள்ளம், பள்ளம் என்று முணுமுணுக்க, அவள் எத்தனை நாள் ஓட்டிவந்திருக்கிறாள். அதை யாரிடம் போய்ச் சொன்னாள்?

"முன்பணம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கொட்டாயில. பழைய பேரிங் டப்பாவுக்குள்ள."

"அதுல எடுத்துத்தான் கியர் ஆயிலு வாங்கப்போறேன். இஞ்சினுக்கும் மறுபடி வாங்கோணும். மீதிய உங்க தம்பிகிட்டத் திருப்பிக் குடுத்துருங்க. கொறைஞ்சதை அப்புறம் சேர்த்துக் குடுக்கலாம். ரெண்டு தடவையும் நீங்கதான் எண்ணிக் குடுக்கோணும். அவுரு முன்னால, உங்க கையால. நான் எண்ண மாட்டேன்."

தடவித் தடவி எண்ணினால் கண் விஷயம் தம்பிக்குத் தெரிந்துவிடும் என்பது அவருக்கு விளங்கியது. முகம் வெளுத்ததிலிருந்து அது தெரிந்தது. "புள்ள," என்று மட்டும் சொன்னார். அவள் மொபெட்டை எடுத்துக்கொண்டு காங்கேயம் போய்த் திரும்பினாள். திரும்பி வந்ததும், அவர் தோளைப் பிடித்து இறக்கி, சாக்கில் படுக்கவைத்து, வண்டிக்கடியில் தன் பக்கத்தில் நகர்த்தினாள். அவர் கை இருட்டில் இரும்பைத் தடவிப் போயிற்று. "இது கியர் பாக்ஸு. இதுக்கு முன்னால வா. இன்னும். இதா, இது." அவள் கையை எடுத்து அந்தப் போல்ட்டின்மேல் வைத்தார். அவள் ஸ்பானரை மாட்டினாள். இம்முறை சலசலவென்று, கன்னங்கரேலென்று இறங்கியது. இருவரும் அதைக் கேட்டபடி படுத்திருந்தார்கள். பேசவில்லை. ஆனால் அது பழைய பேசாமையன்று. அவள் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கியர் ஆயிலுக்கும் இஞ்சின் ஆயிலுக்கும் உண்டான பணம் அன்று மாலையே சிவமலையின் முன்பணத்திலிருந்து போயிற்று. மீதியை மறுநாள் காலையில் அர்த்தநாரி தம்பியைக் கூப்பிட்டு, வேம்படியில் வைத்து, நோட்டு ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நீட்டி நீளம் பார்த்து, தடவி, எண்ணிக் கொடுத்தார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. வாணி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. குறைந்த தொகையை ஆடிப் பதினெட்டன்று, குடும்பத் தோப்பில் தம் பங்குக்கு வந்த கொப்பரையை விற்ற பணத்திலிருந்து, அதேபோலத் தடவி எண்ணி அவரே தந்தார். சிவமலை இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டான். வாங்கியதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.